கால்நடைச் செவிலியராகவும் பயிற்றுநராகவும் வளர விரும்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விலங்குகளை நேசிக்கும் எவரும் நல்ல கால்நடைச் செவிலியராகிவிடலாம் என்று நம்பி இத்தொழிலுக்குள் நுழைவதே பலர் செய்யும் முதல் தவறு. நேசம் இல்லாதவரால் இந்த வேலையில் நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அன்றாடப் பணியின் பெரும்பகுதி கவனிப்பதிலும், குறித்துவைப்பதிலும், கழுவித் துடைப்பதிலும், கலங்கி நிற்கும் உரிமையாளரிடம் ஒரே செய்தியை மூன்றாம் முறையாகப் பொறுமையுடன் விளக்குவதிலும் கழிகிறது. இந்த வேலைகளில் நிறைவு காண முடியுமா என்று சில வாரங்கள் உடனிருந்து பார்த்த பிறகே படிப்பில் சேர்வது நல்லது.

இதைவிடப் பெரிய தவறு, சொன்ன வேலையைச் சொன்னபடி முடித்துவிட்டால் தம் பொறுப்பு தீர்ந்தது என்று கருதுவது. மயக்க மருந்துக் கண்காணிப்பை எடுத்துக்கொள்வோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படிவத்தில் எண்களை நிரப்புவது பதிவு மட்டுமே. ஒரு நாயின் சராசரித் தமனி இரத்த அழுத்தம் 82, 76, 70, 65 என்று இறங்கிக்கொண்டே வந்தால், அவற்றில் எந்த எண்ணும் 60 மி.மீ. பாதரசம் என்ற எச்சரிக்கை எல்லைக்குக் கீழே போகவில்லை. அந்த எல்லைக்கு அமைத்த கருவியும் ஒலி எழுப்பாது. ஆனாலும் அந்த இறக்கத்தைக் கண்ட செவிலியர், மயக்கம் தேவைக்கு மேல் ஆழமாகிவிட்டதா, எங்காவது இரத்தம் கசிகிறதா என்று மருத்துவரிடம் அப்போதே கேட்டாக வேண்டும்.

இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவை அளக்க நாக்கில் பொருத்திய பல்ஸ் ஆக்சிமீட்டர் 98 சதவீதம் காட்டுகிறது என்று நிம்மதி கொள்வதும் இந்த வகைத் தவறே. குழாய் வழியாகத் தூய ஆக்சிஜன் பெறும் பிராணிக்கு மூச்சின் ஆழம் போதாமல் கார்பன் டை ஆக்சைடு உடலில் தேங்கினாலும் ஆக்சிமீட்டர் நெடுநேரம் அதே 98-ஐக் காட்டிக்கொண்டிருக்கும். தேக்கத்தைக் காட்டிக்கொடுப்பது, வெளிமூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராஃப். நாயின் வெளிமூச்சின் முடிவில் அந்த வாயுவின் அளவு பொதுவாக 35 முதல் 45 மி.மீ. பாதரசம் வரை இருக்க வேண்டும். எந்தக் கருவி எதைக் காட்டும் என்பதோடு, எதைக் காட்டாது என்பதையும் அறிந்தவரைத்தான் மயக்க மருந்துப் பொறுப்பில் நம்பி விடலாம்.

அறுவை முடிந்ததும் கவனம் தளர்வது இன்னும் ஆபத்தானது. பிரிட்டனில் சுமார் 98,000 நாய்களையும் 79,000 பூனைகளையும் உள்ளடக்கி நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், மயக்க மருந்தோடு தொடர்புடைய மரணங்களில் நாய்களில் ஏறத்தாழப் பாதியும் பூனைகளில் 60 சதவீதத்துக்கு மேலும் அறுவைக்குப் பிந்தைய நேரத்தில் நேர்ந்தவை என்றும், அவற்றில் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்துக்குள் நிகழ்ந்தவை என்றும் தெரியவந்தது. மூச்சுக்குழாயில் செருகிய குழாயை எடுத்த கையோடு அடுத்த அறுவைக்கான கருவிகளை அடுக்கப் போய்விடும் பழக்கம் சுறுசுறுப்பாகத் தோன்றலாம். ஆனால் பிராணிக்கு ஆள் தேவைப்படும் நேரமே அதுதான்.

கூண்டின் மூலையில் அசையாமல் ஒடுங்கியிருக்கும் பூனையை ‘அமைதியாக இருக்கிறது’ என்று குறித்துவிட்டு நகர்வதும் அடிக்கடி நடப்பதே. மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட, முகத்தைப் பார்த்து வலியை மதிப்பிடும் பூனை முகபாவ அளவுகோல், காதுகளின் நிலை, கண் சுருக்கம், மூக்கு வாய்ப் பகுதியின் இறுக்கம், மீசை முடியின் நிலை, தலையின் நிலை ஆகிய ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண் தருகிறது. மொத்தம் பத்தில் நான்கோ அதற்கு மேலோ வந்தால் வலிநிவாரணி தேவையா என்று பார்க்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள ஒரு பிற்பகல் போதும். எனவே தெரியாது என்று சொல்ல யாருக்கும் காரணமில்லை.

தம் உடலைக் கவனியாதிருப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாலே போதும். பூனைக் கடியைச் சிறு காயம் என்று ஒதுக்கக் கூடாது, ரேபிஸ் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது, எக்ஸ்ரே எடுக்கும்போது கதிர் நேரடியாக விழும் இடத்தில் ஈயக் கையுறை அணிந்தும் கையை வைக்கக் கூடாது. அந்தக் கையுறை சிதறும் கதிரை மட்டுமே தடுக்கும்.

தொழில் வளர்ச்சி என்றால் நிர்வாகப் பதவி என்று மட்டும் நினைத்துக் காத்திருப்பதும், திசையின்றிச் சான்றிதழ்களைச் சேர்ப்பதும் ஆண்டுகளை வீணாக்கும். மயக்க மருந்து, அவசர சிகிச்சை, பல் மருத்துவம் எனச் செவிலியருக்கே உரிய சிறப்புத் துறைகள் உள்ளன. பயிற்றுவித்தலும் அவற்றுக்கு இணையான ஒரு பாதை. எந்தப் பாதையானாலும் சட்டம் வகுத்த எல்லையை அறியாமல் நடப்பது பெரும் பிழை. பிரிட்டனில் 1966-ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர்கள் சட்டம், பதிவுபெற்ற செவிலியர் கால்நடை மருத்துவரின் வழிகாட்டலில் எந்தெந்தச் சிகிச்சைகளைச் செய்யலாம் என்று அதன் மூன்றாம் அட்டவணையில் வரையறுக்கிறது. நோயறிதல் அதில் அடங்காது. எல்லை நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், ஒரு நாட்டில் செய்து பழகியதை இன்னொரு நாட்டிலும் செய்யலாம் என்று எவரும் ஊகிக்கக் கூடாது.

பயிற்றுவிக்க வருபவர்கள் செய்யும் தவறுகள் வேறு வகையானவை. கைத்திறன் உள்ளவர் தாமாகவே நல்ல ஆசிரியராகிவிடுவார் என்பது அவற்றில் முதன்மையானது. திறன் கைக்குப் பழகிவிட்டால் அதன் படிகள் மனத்திலிருந்து மறைந்துவிடுகின்றன. முன்காலின் சிரையில் கேனுலா, அதாவது ஊசிமேல் பொருத்திய மெல்லிய பிளாஸ்டிக் குழாய், ஏற்றுவதைப் பாருங்கள். சிரைக்குள் ஊசி நுழைந்ததும் அதன் அடிப்பகுதியில் இரத்தம் தெரிகிறது. அதைப் பார்த்த உடனே மாணவர் பிளாஸ்டிக் குழாயைத் தள்ளுகிறார். குழாய் சுருண்டு, தோலின் கீழ் வீக்கம் எழும்புகிறது. காரணம் எளியது: ஊசிமுனை குழாயின் முனையைவிடச் சற்று நீண்டிருப்பதால், இரத்தம் தெரியும் கணத்தில் ஊசி மட்டுமே சிரைக்குள் இருக்கிறது, குழாய் இன்னும் வெளியே நிற்கிறது. கோணத்தைத் தாழ்த்தி, ஓரிரு மில்லிமீட்டர் முன்னகர்த்திய பிறகே குழாயை வழுக்கிவிட வேண்டும். அனுபவசாலியின் கை இதைத் தன்னியல்பாகச் செய்துவிடுவதால், ‘இப்படித்தான், பார்த்துக்கொள்’ என்ற சொல்லோடு பாடம் முடிந்துவிடுகிறது.

மருத்துவக் கல்வியில் புகழ்பெற்ற பேட்டனின் நான்கு படிமுறை இதற்கு நல்ல மாற்று. ஆசிரியர் முதலில் பேசாமல் செய்துகாட்டுகிறார். பிறகு ஒவ்வொரு படியையும் விளக்கிச் செய்கிறார். மூன்றாவதாக மாணவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்கிறார். கடைசியில் மாணவரே சொல்லிக்கொண்டு செய்கிறார். அவசரத்தில் பெரும்பாலும் விடுபடுவது மூன்றாம் படி. விடக் கூடாததும் அதுவே, ஏனெனில் மாணவர் எதைப் புரிந்துகொள்ளவில்லை என்பது பிராணியின் உடலில் ஊசி படுமுன்பே வெளிப்படுவது அங்கேதான்.

‘புரிந்ததா?’ என்று கேட்டுத் தலையாட்டலை ஏற்றுக்கொள்வது மற்றொரு தவறு. உரிமையாளர்களுக்குக் கற்பிக்கும்போது இது உயிரையே பறிக்கலாம். பிராணிகளுக்கான இன்சுலின் சில ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்டவை. மனிதர்களுக்கானவை பெரும்பாலும் 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சில், மில்லிலிட்டருக்கு 100 யூனிட் கொண்ட மருந்தை ‘4’ யூனிட் கோடு வரை இழுத்தால் உடலுக்குள் போவது 10 யூனிட், அதாவது இரண்டரை மடங்கு. உப்புநீரைக் கொடுத்து, உரிமையாளரையே சிரிஞ்சில் இழுக்கச் சொல்லி, கோட்டைக் கண்ணால் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.

மாணவரை உரிமையாளர் முன்னிலையில் கண்டிப்பதால் அடுத்த முறை அவர் பிழையை மறைக்கக் கற்றுக்கொள்கிறார். வேறு பயன் எதையும் நான் கண்டதில்லை. நேர்மாறாக, முகதாட்சண்யத்துக்காகத் தேர்ச்சிப் படிவத்தில் கையெழுத்திடுவதும் தீங்கே. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் அவரை இரவுப் பணியில் தனியாக விடுகிறார்கள்.

இறுதியாக, தம் நோயாளிகளின் எண்ணிக்கை குறையாமலேயே பயிற்றுநர் பொறுப்பை ஏற்றுக்கொள்வதைத் தவிர்க்க வேண்டும். மாணவர் ஒருவர் உடனிருந்தால் ஒவ்வொரு வேலையும் கூடுதல் நேரம் எடுக்கும். அந்த நேரத்துக்கு யார் ஈடுசெய்வது, பயிற்சி நாட்களில் எத்தனை பிராணிகளின் பொறுப்பிலிருந்து விடுவிப்பு கிடைக்கும் என்பவற்றை, மாணவர் வந்து சேருமுன்பே நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.