மருந்து விலை பற்றி முறையிடப் போகிறீர்களா? ரசீதை எடுத்துக்கொள்ளுங்கள்

அமெரிக்காவில் சில மாநிலங்கள் மருந்து விலையை ஆராயவே தனி வாரியம் வைத்திருக்கின்றன. 2019-இல் மேரிலாந்து தொடங்கியது, 2021-இல் கொலராடோ சேர்ந்தது. பொதுமக்களும் அங்கே கருத்துச் சொல்லலாம். சொல்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு.

"விலை தாங்க முடியவில்லை" என்று மட்டும் எழுதினால் படிப்பவர் தலையாட்டுவார், அவ்வளவுதான். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாளைக்கு, எந்த மாதம் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எழுதினால்தான் அவர்களுக்குப் பிடி கிடைக்கும்.

கணக்கோடு வருபவர்களையும் கவிழ்ப்பது ஜனவரி மாதம். டிசம்பரில் 40 டாலருக்கு வாங்கிய அதே மாத்திரைக்கு இப்போது 310 டாலர் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனிக்காரன் விலையை ஏற்றிவிட்டான் என்றுதான் எழுதத் தோன்றும். ஆனால் புது வருடம் பிறந்ததும் பல இன்சூரன்ஸ் திட்டங்களில் டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்குமுன் நாமே கட்ட வேண்டிய தொகை) மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்தத் தொகையைக் கட்டி முடிக்கும்வரை செலவு நம் தலையில்தான். போதாக்குறைக்கு, கம்பெனிகள் உண்மையிலேயே விலை ஏற்றுவதும் பெரும்பாலும் ஜனவரியில்தான். அதனால் கையிலிருந்து போனது, இன்சூரன்ஸ் கொடுத்தது, பட்டியல் விலை (கம்பெனி அறிவித்த விலை) மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். பார்மசியில் கேட்டுப் பாருங்கள். இன்சூரன்ஸ் அனுப்பும் விவரத்தாளையும் தூக்கிப் போடாதீர்கள்.

மருந்துக் கம்பெனி தரும் தள்ளுபடிக் கூப்பனில் 10 டாலருக்கு வாங்குபவர், "எனக்கென்ன குறை" என்று சும்மா இருந்துவிடுகிறார். மீதியைப் பெரும்பாலும் இன்சூரன்ஸ் கட்டுகிறது, அது பிரீமியமாக எல்லார் தலையிலும் விடிகிறது. மெடிகேருக்கு (முக்கியமாக முதியோருக்கான மத்திய அரசு இன்சூரன்ஸ்) மாறியபின் அந்தக் கூப்பன் செல்லாது.

யாரிடம் சொல்வது என்பதிலும் குழப்பம். எஃப்.டி.ஏ. என்ற மத்திய அரசு அமைப்பு மருந்துக்கு ஒப்புதல் தரும். விலை அதன் வேலை அல்ல. மெடிகேருக்காகக் கம்பெனிகளோடு விலை பேசுவது, 2022 சட்டத்தின்படி, மத்திய அரசு. அப்படிப் பேசி முடித்த முதல் 10 மருந்துகளின் விலை 2026 ஜனவரியில் அமலுக்கு வந்தது. மாநில வாரியத்துக்கு எழுதும்போது, அது இப்போது எந்த மருந்தை ஆராய்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எனக்குப் பெரிய தவறாகப் படுவது, வெட்கப்பட்டு மறைப்பது. மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுவதையும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊசி போட்டுக்கொள்வதையும் நம் ஆட்கள் டாக்டரிடம்கூடச் சொல்வதில்லை. முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள், பிறகு வாரியத்துக்கு எழுதுங்கள். வாங்க முடிகிறதா இல்லையா என்பதுதான் அவர்களுடைய கேள்வியே.

அதற்காக ரசீதைப் படமெடுத்து அப்படியே அனுப்பிவிடாதீர்கள். கருத்துகள் பொது ஆவணமாகிவிடும். பிறந்த தேதி, இன்சூரன்ஸ் உறுப்பினர் எண், மருந்துச்சீட்டு எண் எல்லாவற்றையும் மறைத்த பிறகே இணைக்க வேண்டும்.

நேரில் பேசுபவருக்குப் பொதுவாக இரண்டு மூன்று நிமிடம்தான் தருவார்கள். வணக்கம், நன்றி, அறிமுகம் என்றே முதல் நிமிடத்தைக் கரைக்காமல் மருந்தின் பெயரிலிருந்து ஆரம்பியுங்கள்.