கிராண்ட் பணத்தைக் கையாள்வது எப்படி: சிறிய தொண்டு நிறுவனங்களுக்கு

கிராண்ட், அதாவது ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று தரப்படும் நிதி, கிடைத்ததும் எல்லாரும் பார்ப்பது மொத்தத் தொகையைத்தான். நீங்கள் முதலில் படிக்க வேண்டியது ஒப்பந்தத்தோடு இணைத்திருக்கும் பட்ஜெட்டை. எந்தச் செலவுத் தலைப்பில் எவ்வளவு செலவழிக்கலாம், ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குக் கேட்காமல் எத்தனை சதவீதம் மாற்றலாம், மிச்சப்பட்டால் திருப்பித் தர வேண்டுமா என்பதெல்லாம் தெளிவாக இல்லையென்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே மெயிலில் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். பட்ஜெட்டைக் கணக்காளர் மட்டும் வைத்துக்கொள்வது பெரிய தப்பு. களத்தில் செலவு செய்கிறவருக்கு வரம்பே தெரியாவிட்டால் அவர் எப்படி அதற்குள் நிற்பார்?

டாலி கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு கிராண்டுக்கும் தனி காஸ்ட் சென்டர் (அதன் செலவை மட்டும் தனியே காட்டும் பிரிவு) போடுங்கள். ஒரே ஒருங்கிணைப்பாளர் இரண்டு ப்ராஜெக்டில் வேலை பார்த்தால், எதில் எவ்வளவு நேரம் வேலை பார்த்தார் என்று காட்டும் டைம்ஷீட்டைப் பார்த்து அவர் சம்பளத்தைப் பிரியுங்கள், வருடக் கடைசியில் உத்தேசமாகப் பிரிக்காதீர்கள்.

வெளிநாட்டுப் பணம் என்றால் எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், வந்துவிடும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புதுடெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் உள்ள எஃப்சிஆர்ஏ கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும், அங்கிருந்து உங்கள் ஊர் வங்கியில் அதற்கென்றே வைத்திருக்கும் செலவுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். உள்ளூர் நன்கொடை ஒரு ரூபாய்கூட அந்தக் கணக்குகளில் விழக் கூடாது. அதில் வரும் வட்டியும் வெளிநாட்டுப் பணமாகவே கணக்காகும். முன்பு 50 சதவீதம் வரை நிர்வாகச் செலவு செய்யலாம், இப்போது 20தான். பக்கத்து ஊர் சிறு அமைப்புக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பதும் முடியாது. வெளிநாட்டுப் பணத்தின் வருடக் கணக்கைக் காட்டும் எஃப்சி-4 படிவம் டிசம்பர் 31க்குள் போக வேண்டும், பணமே வராத வருடமாக இருந்தாலும்.

சரி, நல்ல அமைப்புகளும் சறுக்குகிற இடத்துக்கு வருவோம். இரண்டாவது தவணை தாமதமாகிறது, மாதக் கடைசி, ஊழியர்களுக்குச் சம்பளம் போட வேண்டும், இன்னொரு ப்ராஜெக்டின் கணக்கில் பணம் சும்மா கிடக்கிறது. 'அடுத்த வாரம் திருப்பி வைத்துவிடலாம்' என்று யாராவது சொல்வார்கள், திருடும் எண்ணத்தோடு சொல்ல மாட்டார்கள் என்பதும் உண்மைதான். ஆனாலும் செய்யாதீர்கள். வெளிநாட்டுக் கணக்கிலிருந்து உள்ளூர்ச் செலவுக்கு எடுத்தால் அது சட்ட மீறல். உள்ளூர் கிராண்டுகளுக்குள் மாற்றினாலும், பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று ஒருவர் தந்த பணத்தை அவரிடம் கேட்காமல் வேறொன்றுக்குச் செலவழித்தீர்கள் என்றுதான் அர்த்தம். எந்தக் கிராண்டுக்கும் கட்டுப்படாத பொது நன்கொடையிலிருந்து இரண்டு மூன்று மாதச் சம்பளத்துக்காவது தனியே சேர்த்து வையுங்கள். அதுவும் இல்லையா, தவணை வரும்வரை களவேலையின் வேகத்தைக் குறையுங்கள், நிலைமையை டோனருக்கு (கிராண்ட் தந்தவருக்கு) எழுதுங்கள். பெரும்பாலும் தவணை தாமதமாவதே நம் பக்கத்திலிருந்து அறிக்கை தாமதமாகப் போவதால்தான், அதையும் பாருங்கள்.

வவுச்சருக்கு, அதாவது செலவுச் சீட்டுக்கு, ஒரு உதாரணம். கிராமத்தில் ஒரு நாள் பயிற்சி. வருகைத் தாளில் 32 கையெழுத்து, சாப்பாட்டு பில் 45 பேருக்கு. ஆடிட்டர் கேட்கப்போகும் முதல் கேள்வி இதுதான். கூடவே வந்த பிள்ளைகளும் சாப்பிட்டிருக்கலாம், அப்படியானால் அன்றே வவுச்சரின் பின்பக்கத்தில் அதை எழுதி, பயிற்சி நடத்தியவர் கையெழுத்துப் போட வேண்டும், ஆறு மாதம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது. டீக்கடையில் பில் புத்தகம் இல்லையென்றால் வவுச்சரில் கடைக்காரர் பெயர், போன் நம்பர், கையெழுத்து வாங்குங்கள், 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். பணம் கொடுத்த உடனே பில்லின் மேலேயே ப்ராஜெக்ட் பெயரோடு 'செலுத்தப்பட்டது' என்று சீல் குத்திவிட்டால், அதே பில் தெரிந்தோ தெரியாமலோ இன்னொரு டோனரின் கணக்கில் ஏறாது. பெரிய தொகைகளைப் பணமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே கொடுங்கள்.

பில்லைச் சரிபார்ப்பவரும் பணம் கொடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. மூன்று பேர் மட்டும் இருக்கிற அலுவலகம் என்றால், பொருளாளரோ வேறொரு அறங்காவலரோ மாதம் ஒருமுறை வந்து பேங்க் ஸ்டேட்மெண்டையும் கணக்கையும் ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

ப்ராஜெக்ட் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே பட்ஜெட்டையும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மிச்சம் வரும் போலிருந்தால், கடைசி வாரத்தில் தேவையில்லாமல் லேப்டாப் வாங்கித் தீர்க்காதீர்கள். கால நீட்டிப்பு கேளுங்கள், அல்லது வேறு தலைப்புக்கு மாற்ற அனுமதி கேளுங்கள். போனில் 'ஓகே' சொன்னது போதாது. மெயில் வந்த பிறகு அதை பிரிண்ட் எடுத்து ப்ராஜெக்ட் ஃபைலில் போட்டுவிட்டுச் செலவைத் தொடங்குங்கள்.