டவர் 1862க்கு ஒரு ஹேமர்

எனக்கு பர்மிங்காமில் டூல் ரூம் வேலை. வீட்டுச் சுவரில் 1853 மாடல் என்ஃபீல்டு துப்பாக்கி ஒன்று தொங்குகிறது. .577 குழல், வாய்வழியே மருந்து கெட்டித்து, குழலின் பின்பக்கம் நிற்கும் சின்னக் குழாயான நிப்பிளில் கேப் (அடித்தால் பொறி தெறிக்கும் சின்ன மூடி) வைத்துச் சுடும் ரகம். வாங்கும்போதே கேப்பை அடிக்கும் ஹேமரில் விரிசல்.

பாகம் தேடும் முன் ஒரு சோதனை. கெட்டித்த மருந்து 150 வருஷமாக உள்ளேயே கிடக்கலாம். கெட்டிக்கோலைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாயருகே கோலில் பென்சில் கோடு போடுங்கள். அதை வெளியே எடுத்துக் குழலின் மேல் அதே அளவுக்கு வைத்துப் பாருங்கள். நுனி நிப்பிள் பக்கம் வரை எட்டவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. கையை எடுத்துவிட்டு, தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

சரி, இப்போது லாக் பிளேட்டை, அதாவது சுடும் பொறியான லாக்கைத் தாங்கும் பக்கத் தகட்டைப் படியுங்கள். 'என்ஃபீல்டு' என்று இருந்து, 1850களின் கடைசியிலோ அதற்குப் பிறகோ செய்ததாக இருந்தால் அது அரசுத் தொழிற்சாலையில் மெஷினில் செய்தது. ஒன்றின் பாகம் இன்னொன்றில் பெரும்பாலும் உட்காரும். என்னுடையதில் கிரீடமும் 'டவர் 1862'ம் மட்டுமே. பர்மிங்காம் பட்டறைகளில் ஒவ்வொன்றாக அரம் போட்டுச் சேர்த்தது. இதற்கு 'என்ஃபீல்டு ஹேமர்' என்ற பெயரை நம்பி வாங்கக் கூடாது. நான் வாங்கினேன். டம்ளரின் (லாக்குக்குள் ஹேமரோடு சேர்ந்து சுழலும் பாகம்) சதுரத் தண்டில் அழகாக ஏறியது, ஆனால் ஹேமரின் மூக்கு நிப்பிளுக்குப் பக்கத்தில் இறங்கியது. ஹேமரின் சதுரத் துளை சில டிகிரி திரும்பியிருந்ததுதான் காரணம். 60 பவுண்டு போச்சு.

இரண்டாம் முறை சதுரத் துளை போடாத வார்ப்பு ஹேமர் வாங்கினேன். அசலை அச்செடுத்து வார்ப்பது கொஞ்சம் சுருங்கியே வரும், அதனால் பழையதை வெர்னியரில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நடுவில் சின்னத் துளை. லாக்கைத் துப்பாக்கியில் பூட்டி, ஹேமரின் குழி நிப்பிளைக் கவிழ்த்து மூடும்படி பிடித்து, டம்ளர் தண்டின் சதுரம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கோடு கீறினேன். அப்புறம் சதுர அரம், ஒரு சனிக்கிழமை முழுக்க. தண்டில் மெழுகுவர்த்திக் கரி தடவி மாட்டினால், எங்கே இடிக்கிறதோ அங்கே கறுப்பு ஒட்டும். அங்கே மட்டும் ராவினால் போதும்.

நிப்பிளுக்கும் பெயர் உதவாது. வெளிவிட்டத்தை வெர்னியரிலும் மரையைப் பிட்ச் கேஜிலும் (மரை இடைவெளி பார்க்கும் அளவுகோல்) பாருங்கள். இத்தாலிய நகல்களுக்கான நிப்பிளில் மெட்ரிக் மரை. அசலில் திருகினால் குழலின் மரையே கெடும். பழையது வராவிட்டால் எண்ணெய் விட்டு நான்கு நாள் பொறுங்கள், பிளையர் வேண்டாம். ஹேமரை இயக்கும் மெயின் ஸ்பிரிங்கை அதற்குரிய கிளாம்ப் இல்லாமல் கழற்றவே கூடாது.

கடைகள்: இங்கிலாந்தில் பீட்டர் டைசன், அமெரிக்காவில் டிக்சி கன் ஒர்க்ஸ், வார்ப்புகளுக்கு ரைஃபிள் ஷாப். அளவுகளோடு கிராஃப் தாளில் வைத்து எடுத்த படத்தையும் அனுப்பிவிட்டால், திருப்பி அனுப்பும் வேலை குறையும். இங்கிலாந்தில் இத்தகையதைக் காட்சிப்பொருளாக வைக்க லைசென்ஸ் வேண்டாம். சுடும் எண்ணம் வந்தால் சர்டிபிகேட் கட்டாயம்.

விரிசல்விட்ட ஹேமர் எண்ணெய்த் துணியில் சுற்றி டப்பாவில் இருக்கிறது. என்றைக்காவது இதை விற்றால் அதுவும் கூடவே போகும்.