நிரம்பி வழியும் பாடசாலை மின்னஞ்சல்: எங்கிருந்து காலி செய்வது?

மலையகத்தில் பல பாடசாலைகளுக்கும் தோட்டத்துச் சங்கங்களுக்கும் இருப்பது ஓர் இலவச ஜிமெயில் கணக்குத்தான். அதிபர் மாறுவார், லிகிதர் மாறுவார், கணக்கு மட்டும் அப்படியே இருக்கும். வலயக் கல்வி அலுவலகச் சுற்றறிக்கை, ஸ்கேன் செய்த படிவம், பேஸ்புக் அறிவித்தல், கடைகளின் தள்ளுபடி விளம்பரம் எல்லாம் ஒரே பெட்டியில் விழுந்து, ஒருநாள் இடம் முடிந்துவிட்டதாக அறிவித்தல் வரும். அதற்குப் பிறகு இங்கிருந்து மடல் போகாது. இங்கே வருவதும் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். கடிதம் கிடைக்கவில்லை என்று வலயத்தில் சொன்னால் யாரும் நம்பவும் மாட்டார்கள்.

மடல்களை ஒவ்வொன்றாகத் திறந்து அழிக்கத் தொடங்க வேண்டாம். இடத்தை எது பிடித்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி ஜிமெயிலுக்கு மட்டுமல்ல. டிரைவ், கூகுள் போட்டோஸ் ஆகியவற்றுக்கும் சேர்த்துத்தான். 2021 ஜூன் 1 முதல் போட்டோஸில் ஏறும் படங்களும் இந்த 15 ஜிபிக்குள் சேர்கின்றன. அன்ட்ரொய்ட் போனின் வட்ஸ்அப் பேக்அப்பும் அப்படியே. பாடசாலைக் கணக்கை ஓர் ஆசிரியர் தன் போனில் போட்டிருந்தால், இல்ல விளையாட்டுப் போட்டி வீடியோக்கள் அவருக்கே தெரியாமல் அங்கே ஏறிக்கொண்டிருக்கும். ஜிமெயிலை பிரவுசரில் திறந்தால் பட்டியலின் அடியில் எத்தனை ஜிபி பாவிக்கப்பட்டிருக்கிறது என்று இருக்கும். அதை அழுத்தினால் மூன்றும் தனித்தனியாகத் தெரியும். போட்டோஸ்தான் காரணம் என்றால், அந்தப் போனில் பேக்அப்பை நிறுத்தி, வீடியோக்களைப் பென் டிரைவில் இறக்கிவிட்டு அழியுங்கள். கோப்பு எதுவும் இணைக்காத ஆயிரம் மடல்களை அழித்தால் பெரும்பாலும் சில பத்து மெகாபைட் இடம்தான் கிடைக்கும்.

இனி வரும் வேலைகளைப் போனில் செய்யாமல் கணினியில் செய்யுங்கள். தேடலில் வந்த எல்லா மடல்களையும் ஒரே தடவையில் தெரிவுசெய்யும் வசதி பிரவுசரில்தான் ஒழுங்காக இருக்கிறது. டேட்டா முடிந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. அழிக்கும் வேலை கூகுளின் சேர்வரில் நடக்கிறது. இணைப்புகளைத் தரவிறக்கும்போது மட்டும்தான் டேட்டா கரையும். டவுனில் கொமியூனிகேஷன் கடையில் செய்வதானால் இன்கொக்னிட்டோ ஜன்னலில் (பார்த்தவற்றைப் பிரவுசர் சேமித்து வைக்காத ஜன்னல்) திறந்து, கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்டால் மறுத்து, முடிந்ததும் லொக்அவுட் செய்யுங்கள்.

பெரிய மடல்கள் முதலில்

தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் சிறு கோடுகள் போட்ட ஒரு சின்னம் இருக்கும். அதை அழுத்தினால் ஒரு படிவம் விரியும். அதில் ‘சைஸ்’ என்ற வரியில் 10 எம்.பி.க்கு மேல் என்று கொடுத்துத் தேடுங்கள். பிறகு 5, பிறகு 2 எனக் குறைத்துக்கொண்டு வாருங்கள். தேவையான இணைப்புகளை இறக்கி வைத்துக்கொண்டு மடலை அழியுங்கள். ‘சென்ட்’ பகுதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: நீங்கள் வலயத்துக்கு அனுப்பிய ஸ்கேன்களும் உங்கள் இடத்தைத்தான் பிடிக்கின்றன. கடிதத்தை 600 டிபிஐ (ஸ்கேனின் நுணுக்க அளவு) வண்ணத்தில் ஸ்கேன் செய்வதே இந்தப் பெருக்கத்துக்குப் பாதிக் காரணம். எழுத்து மட்டும் உள்ள தாளுக்கு 200 டிபிஐ, கறுப்பு வெள்ளை, தாராளமாகப் போதும்.

இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். ஒன்று, ஆர்கைவ் செய்வது அழிப்பது அல்ல. மடல் இன்பொக்ஸை விட்டு மறையும், இடம் குறையாது. அழித்த மடலும் ட்ரேஷில் 30 நாள் கிடக்கும். அதையும் வெறுமையாக்கினால்தான் இடம் உடனே கிடைக்கும். மற்றது, ஒரே தலைப்பில் வந்த மடல்களையும் பதில்களையும் ஜிமெயில் ஒரு கோர்வையாகக் கட்டி வைக்கிறது. அதில் ஒரு பெரிய இணைப்பை அழிக்கப் போய் முழுக் கோர்வையும் போய்விடும். சுத்தம் செய்யும் நாளில் செட்டிங்ஸில் ‘கொன்வசேஷன் வியூ’வை நிறுத்திவிடுங்கள்.

பிறகு குப்பை

ஓர் அனுப்புநரின் பெயரைத் தேடுங்கள். மேலே உள்ள சிறு கட்டத்தில் டிக் போட்டால் அந்தப் பக்கத்தில் உள்ளவை, வழக்கமாக 50, தெரிவாகும். உடனே பட்டியலுக்கு மேல் ஒரு வரி தோன்றும்: இந்தத் தேடலில் அகப்பட்ட அனைத்தையும் தெரிவுசெய்யவா என்று. அதை அழுத்திய பிறகே அழியுங்கள். பல ஆயிரம் மடல்களை ஒரே அடியில் அழித்தால் சில வேளை பிழைச் செய்தி வந்து பாதியில் நிற்கும். அப்போது அதே படிவத்தில் திகதி கொடுத்து ஆண்டு ஆண்டாகச் செய்யுங்கள்.

அழித்தால் மட்டும் போதாது, வரத்தையும் நிறுத்த வேண்டும். 2024 பெப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் மடல் அனுப்பும் நிறுவனங்களுக்குக் கூகுள் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. விளம்பர மடலிலிருந்து ஒரே அழுத்தலில் விலகும் வழி தர வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள ‘அன்சப்ஸ்கிரைப்’ அதுதான். பேஸ்புக் அறிவித்தல்களை பேஸ்புக்கின் செட்டிங்ஸுக்கே போய் நிறுத்துவது மேல். ஆனால் முன்பின் தெரியாத இடத்திலிருந்து வந்த மடலில் உள்ள ‘விலக இங்கே அழுத்துக’ என்பதைத் தொடவே கூடாது. தபால் திணைக்களத்தின் பெயரில், பொதி வந்திருக்கிறது, கட்டணம் செலுத்துங்கள் என்று வருகிற மோசடி மடல்களும் இந்த வகைதான். அவற்றை ஸ்பாம் என்று குறித்துவிட்டுப் போய்விடுங்கள்.

தேடினால் கிடைக்காத சுற்றறிக்கை

எல்லாவற்றையும் வைத்திருந்தாலும் வேண்டிய கடிதம் அகப்படாமல் போவது நம் பக்கத்தில் அதிகம். காரணம் பாமினி எழுத்துரு. பாமினியில் தட்டச்சு செய்த ஆவணம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். போனிலும் இணையத்திலும் வழக்கமாகப் பாவிக்கும் யூனிகோட் தமிழில் ‘இடமாற்றம்’ என்று தேடினால் வராது. ஜிமெயில் பாதிச் சொல்லையும் கண்டுபிடிக்காது. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் முழுதாகவும் இன்னொருவர் சுருக்கியும் எழுதினால் இரண்டையும் தனித்தனியே தேட வேண்டும். ஆகவே நீங்கள் அனுப்பும் மடலில் தலைப்பை யூனிகோடில் முழுமையாக எழுதுங்கள்: ‘2025 – தரம் 5 புலமைப்பரிசில் – பரீட்சார்த்திகள் பட்டியல்’ என்பதுபோல. வெறுமனே ‘கடிதம்’ என்று தலைப்பிட்டு அனுப்புகிறவர்களுக்கு ஒரு தண்டனைச் சட்டம் வந்தாலும் தப்பில்லை.

வரும் மடல்களுக்கு ஒரு ஃபில்டர், அதாவது அவற்றைத் தானாகப் பிரிக்கும் ஒரு விதி, போடுங்கள். வழமையான ஆலோசனை, அனுப்புநர் முகவரியை வைத்துப் போடுவது. இங்கே அது அவ்வளவு உதவாது, ஏனென்றால் அதிகாரிகள் சிலர் தங்கள் சொந்த ஜிமெயிலிலிருந்தே அனுப்புகிறார்கள். ஆள் மாறினால் முகவரியும் மாறிவிடும். தலைப்பில் வரும் சொற்களான ‘சுற்றறிக்கை’, ‘வலயம்’, அவற்றின் சிங்கள, ஆங்கிலச் சொற்கள் ஆகியவற்றைக் கொண்டு ஃபில்டர் அமைத்து, ‘வலயம்’ என்ற லேபலைக் கொடுங்கள். அதே இடத்தில் ‘ஒருபோதும் ஸ்பாமுக்கு அனுப்பாதே’ என்பதற்கும் டிக் போடுங்கள். புதிய முகவரியிலிருந்து வரும் மடல் ஸ்பாமில் விழ நல்ல வாய்ப்பிருக்கிறது. ஸ்பாமில் உள்ளதும் 30 நாளில் தானாக அழிந்துவிடும், வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

ஒரே கணக்கை அதிபரும் லிகிதரும் திறந்தால், ஒருவர் வாசித்த மடல் மற்றவருக்கு வாசித்ததாகவே தெரியும். அவர் பார்த்திருப்பார் என்று இருவரும் விட்டுவிடுவார்கள். பதில் அனுப்பும்வரை நட்சத்திரம், அனுப்பியதும் நீக்கம் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லைக் கைமாற்றுவதைவிட, செட்டிங்ஸில் ‘அக்கவுண்ட்ஸ்’ பகுதியில் மற்றவரை டெலிகேட்டாக, அதாவது தன் சொந்தக் கணக்கிலிருந்தே இந்த மடல்களைப் பார்க்க அனுமதி பெற்றவராக, சேர்ப்பது பாதுகாப்பு. சாதாரணக் கணக்கில் 10 பேர்வரை சேர்க்கலாம்.

அதிபர் இடமாற்றம் பெற்றால் பொறுப்பளிக்கும் பட்டியலில் கணக்கின் மீட்புத் தொலைபேசி இலக்கத்தையும் சேர்த்து, அன்றே புதியவரின் இலக்கத்துக்கு மாற்றுங்கள். பழைய சிம் செயலிழந்த பிறகு கடவுச்சொல் மறந்தால் உள்ளே போவது பெரும்பாடு. யாரும் பாவிக்காத இரண்டாவது கணக்கு ஒன்று எங்காவது கிடந்தால் அதையும் ஒருமுறை திறந்து தேவையானவற்றை எடுத்துவிடுங்கள்: 2 ஆண்டுகள் யாரும் உள்ளே போகாத தனிப்பட்ட கணக்கைக் கூகுள் அதிலுள்ளவற்றோடு நீக்கிவிடக்கூடும்.