பழைய காட்டன் புடவையில குட்டி க்வில்ட்: முதல் தடவை தைக்கறவங்களுக்கு, அதுவும் அம்பது தாண்டினவங்களுக்கு

யாருக்காவது கையால ஒரு போர்வை தைச்சுக் கொடுக்கணும்னு ஆசை இருக்கும், ஆனா வீட்ல மாமியாருக்கு மாத்திரை டைம், பேத்திக்கு ஸ்கூல் வேன், நடுவுல குக்கர் விசில், சாயங்காலம் ஆனா முட்டி வலி, இதுல எங்க உக்காந்து தைக்கறதுன்னு தள்ளிப் போட்டுட்டே இருப்போம். அப்படிப்பட்டவங்களுக்குத்தான் இது. ஒரே மூச்சுல உக்காந்து முடிக்கற வேலையா இதை நினைக்காதீங்க. ஒவ்வொரு ஸ்டெப்லயும் எங்க நிறுத்தலாம்னு சேர்த்தே சொல்றேன், யாராவது கூப்பிட்டா அப்படியே வெச்சுட்டுப் போலாம், திரும்பி வந்தா எங்க விட்டோம்னு தேட வேண்டாம்.

சைஸ் 36க்கு 42 இன்ச். தரையில விரிச்சுக் குழந்தையைக் குப்புறப் போட சரியா இருக்கும், வீல்சேர்ல உக்கார்ற பெரியவங்க மடியில போட்டுக்கவும் சரியா இருக்கும். டபுள் காட் சைஸ்ல ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க. அவ்ளோ துணியை மிஷினுக்கு அடியில சுருட்டித் தள்ளறதுக்குள்ள தோள்பட்டை போயிடும், நனைஞ்சா பிழியவும் ஆள் வேணும்.

க்வில்ட்னா மூணு அடுக்கு, அவ்ளோதான். மேல ஒட்டுப்போட்ட துணி, நடுவுல ஏதாவது மெத்துனு, அடியில ஒரு முழுத்துணி, மூணையும் சேர்த்துப் பிடிக்க ஓட்டுத் தையல், அதாவது ஊசியை மேல கீழன்னு விட்டு எடுத்துட்டே போற சாதாரணத் தையல். பெங்கால்ல பழைய புடவைகளை அடுக்கி காந்தா போடுவாங்க, பீகார்ல பொறந்த குழந்தைக்குன்னே சுஜனி தைப்பாங்க, வட கர்நாடகாவுல ஆப்பிரிக்க வம்சாவளி சித்தி சமூகத்துப் பொம்பளைங்க கவண்டின்னு கலர் கலரா தைக்கறாங்க. நம்ம பக்கம் மட்டும் என்ன, குழந்தை பொறந்ததும் புதுத்துணி போடாம பழைய வேட்டியைத்தானே கிழிச்சுப் போடறோம், பழசுதான் உறுத்தாதுன்னு. ஆனாலும் வெளியாளுக்குக் கொடுக்கறதா இருந்தா முதல்ல கேட்டுடுங்க. கட்டின புடவையா அதுன்னு முகம் சுளிக்கற வீடும் இருக்கு. அவங்களுக்கு பாரிஸ் கார்னர் கோடவுன் தெருவுலயோ தி.நகர்லயோ புது காட்டன் துணி வாங்கித் தைச்சுக் கொடுங்க, முறை ஒண்ணுதான்.

ஸ்டெப் 1: துணி பொறுக்கறது

நல்ல காட்டனா மூணு புடவை, மூணு கலர். அதுல ஒண்ணு அடித்துணிக்கும் சேர்த்து. அப்புறம் ஒரு எட்டு முழ வேட்டி. யூட்யூப்ல வெளிநாட்டுக்காரங்க நடுவுல பாலியஸ்டர் பேட்டிங்னு பஞ்சு ஷீட் வெப்பாங்க, அது அவங்க ஊர் குளிருக்கு. சென்னை மே மாசத்துல அதை மடியில போட்டா வேர்த்துக் கொட்டும், அதனால நமக்கு வேட்டி ரெண்டு அடுக்கு போதும்.

புடவையை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாருங்க. கொசுவம் வந்த இடமும் உக்கார்ற இடமும் இழை விட்டிருக்கும், அந்த இடத்தை ஒதுக்கிடுங்க. ரெண்டு கட்டை விரலால இழுத்துப் பார்த்து டர்ருனு வந்துச்சுன்னா அது தரை துடைக்கத்தான். முந்தானை பக்கம் பெரும்பாலும் திடமாவே இருக்கும். பூனம், ஜார்ஜெட், சில்க் காட்டன் கலக்க வேண்டாம், ஒண்ணு சுருங்கும் ஒண்ணு சுருங்காது. ஜரிகை பார்டரைக் குழந்தைக்கு வெக்கவே கூடாது, அது குத்தும். அதே மாதிரி பட்டன், மணி, சமிக்கி எதுவும் வேண்டாம், வாய்ல போட்டுக்கும்.

சுங்குடி, லுங்கி, கட்டம் போட்ட துணி வெச்சா சாயம் டெஸ்ட் பண்ணியே ஆகணும். வெள்ளைத் துணியை நனைச்சு அது மேல வெச்சு சூடா அயர்ன் பண்ணுங்க, வெள்ளையில கலர் ஒட்டிச்சுன்னா அந்தத் துணி இந்த வேலைக்கு ஆகாது. உப்புத் தண்ணியில ஊற வெச்சா சாயம் நிக்கும்னு சொல்வாங்க, நான் அதை நம்பறதில்ல. சாயம் போறதையே பெருமையா சொல்லி நம்ம மெட்ராஸ் கட்டம் போட்ட துணியை 'பிளீடிங் மெட்ராஸ்'னு 1960கள்ல அமெரிக்காவுல வித்திருக்காங்க, அது சட்டைக்கு ஓகே, பக்கத்துல வெள்ளைக் கட்டம் இருக்கற போர்வைக்கு ஆகாது.

எல்லாத்தையும் ஒரு தடவை தோய்ச்சு, கஞ்சி இருந்தா அது போக அலசிக் காய வெச்சு, அயர்ன் பண்ணி மடிச்சு வெச்சுடுங்க. இது முதல் நிறுத்தம். இங்க ஒரு மாசம் விட்டாலும் ஒண்ணும் ஆகாது.

ஸ்டெப் 2: வெட்டறது

தினசரி காலண்டர் அட்டை பழசு ஒண்ணு எடுத்து ஆறரை இன்ச் சதுரமா வெட்டிக்கோங்க. நாலு மூலையும் நேரா இருக்கான்னு ஸ்கூல் பிள்ளைங்க ஜியாமெட்ரி பாக்ஸ்ல இருக்கற மூலைமட்டத்தை வெச்சுப் பாருங்க, இங்க கோணினா கடைசி வரைக்கும் கோணும். துணி மேல அட்டையை வெச்சு தையல் சாக்பீஸால கோடு போட்டு வெட்டுங்க. கலருக்கு 14 துண்டு, மொத்தம் 42. புடவை அகலத்துல வரிசைக்கு ஆறு துண்டு வரும், அதனால ஒரு கலருக்கு மூணு வரிசை வெட்டினா தாராளம்.

கட்டை விரல் அடி எலும்புல வலி இருக்கறவங்களுக்கு, கத்திரிக்கோல்தான் முதல் எதிரி. ரோட்டரி கட்டர்னு ஒண்ணு இருக்கு, சின்ன சக்கரம் மாதிரி பிளேடு, அப்படியே உருட்டிட்டே போலாம், 1979ல ஜப்பான்காரங்க ஓல்ஃபா கம்பெனில கண்டுபிடிச்சது. அடியில போடற மேட்டும் ஒரு ஸ்கேலும் சேர்த்து வாங்கணும். விலை கொஞ்சம் உறைக்கும், ஆனா ஒரே அழுத்துல நாலு மடிப்புத் துணியும் வெட்டிடும். பிளேடை வேலை முடிஞ்ச உடனே மூடிடுங்க, வீட்ல சின்னப் பிள்ளைங்க இருந்தா மூடி, டப்பால போட்டு, பீரோ மேல வெச்சுடுங்க.

அடித்துணிக்கு புடவையில 40 இன்ச் நீளம், அகலம் முழுசும், அதாவது 45 இன்ச். இதை வெட்டக்கூட வேண்டாம், ஓரத்துல சின்னதா கத்திரிச்சு விட்டுக் கிழிச்சா நூல் பிடிச்சு நேரா வந்துடும், ஜவுளிக்கடையில கிழிக்கறாங்களே அப்படி. வேட்டியும் அதே மாதிரி கிழிச்சு, 40க்கு 46 சைஸ்ல ரெண்டு துண்டு. கரை இருந்தா எடுத்துடுங்க.

ஸ்டெப் 3: அடுக்கிப் பார்க்கறது

கட்டில் மேல பரப்பி வெச்சுப் பாருங்க, குனிஞ்சு தரையில பரப்பினா எந்திரிக்கறதுக்குள்ள இடுப்பு பிடிச்சுக்கும். வரிசைக்கு 6 துண்டு, மொத்தம் 7 வரிசை. முதல் வரிசை சிவப்பு, மஞ்சள், பச்சைனு ஆரம்பிச்சா, ரெண்டாவது மஞ்சள்ல ஆரம்பிங்க, மூணாவது பச்சையில. கலர் தன்னால சாய்வாக் கோடு கட்டிட்டு வந்துடும், டிசைன் யோசிக்கவே வேண்டாம்.

இப்ப முக்கியமான விஷயம். வரிசை வரிசையா ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, ஒவ்வொரு அடுக்குலயும் நம்பர் எழுதின சீட்டை ஊக்கு வெச்சுக் குத்தி, ஏழு அடுக்கையும் ஒரு பழைய ஸ்வீட் டப்பால போட்டு மூடிடுங்க. யாராவது வந்து கட்டில்ல படுக்கணும்னா நம்ம வேலை கலையாது. இனிமே தைக்க உக்காரும்போது ஒரு நம்பரை மட்டும் எடுத்தா போதும், டிவி சீரியல்ல விளம்பர இடைவேளையிலயே ஒரு வரிசை முடிஞ்சுடும்.

ஸ்டெப் 4: சேர்த்துத் தைக்கறது

மிஷின்ல 14ஆம் நம்பர் ஊசி, காட்டன் நூல். கால் மிஷின்ல மிதிக்க முட்டி ஒத்துழைக்கலன்னா அதுக்கே மோட்டார் மாட்டித் தருவாங்க, புது மிஷின் வாங்க வேண்டியதில்ல. எல்லாத் தையலும் ஓரத்துல இருந்து கால் இன்ச் உள்ள வரணும். இதுக்கு ஊசியில இருந்து கால் இன்ச் அளந்து, மிஷின் தட்டு மேல ஒரு கலர் டேப் ஒட்டிடுங்க. கண்ணு ஊசியைப் பார்க்கவே வேண்டாம், துணி ஓரம் டேப்பை ஒட்டிப் போகுதான்னு பார்த்தா போதும். கண்ணு மங்கினவங்களுக்கு இது பெரிய விடுதலை.

ரெண்டு துண்டை நல்ல பக்கம் உள்ள இருக்கற மாதிரி சேர்த்து வெச்சு தைங்க, அடுத்த துண்டைச் சேருங்க, ஆறும் சேர்ந்தா ஒரு வரிசை. அயர்ன் பண்ணும்போது ஒத்தைப்படை வரிசையில உள் மடிப்பை, அதாவது பின்னாடி நிக்கற கால் இன்ச் துணியை, வலது பக்கமும், ரெட்டைப்படையில இடது பக்கமும் சாய்ச்சுத் தேயுங்க. அப்பத்தான் வரிசைகளை ஒண்ணோட ஒண்ணு சேர்க்கும்போது மடிப்பும் மடிப்பும் எதிரெதிரா கொக்கி மாதிரி மாட்டிக்கும், மூலை பிசகாது, தடிப்பும் ஏறாது. இந்த ஒரு பழக்கம் வந்துட்டா பாதி க்வில்ட் கத்துக்கிட்ட மாதிரிதான். சேர்த்து முடிச்சா மேல்துணி 36½க்கு 42½ வரும். கால் இன்ச் முன்ன பின்ன இருந்தா விடுங்க, வாங்கிக்கறவங்க யாரும் ஸ்கேல் எடுத்துட்டு வர மாட்டாங்க.

ஸ்டெப் 5: மூணையும் சேர்த்துப் பிடிக்கறது

டைனிங் டேபிள் மேல அடித்துணியைக் கெட்ட பக்கம் மேல இருக்கற மாதிரி விரிச்சு, நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்க. அது மேல ரெண்டு வேட்டி, அது மேல ஒட்டுப்போட்ட துணி, நல்ல பக்கம் மேல. நடுவுல இருந்து கையால தடவிக்கிட்டே வெளிப்பக்கமா சுருக்கம் எடுத்துட்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஒண்ணுன்னு ஊக்கு குத்துங்க, இதுவும் நடுவுல இருந்துதான். ஊக்கு குத்த விரல் வலிச்சா அப்புறம் பிரிச்சு எடுக்கற மாதிரி பெரிய பெரிய கச்சாத் தையல் போட்டுக்கலாம்.

ஒரு டிபன் டப்பால ஊக்கை எண்ணிப் போட்டு, அந்த எண்ணிக்கையை மூடியில எழுதி வையுங்க. திருப்பி எடுக்கும்போது அதே எண்ணிக்கை வரணும். தவழற குழந்தை இருக்கற வீட்ல ஒரு ஊக்கு குறைஞ்சாலும் அது கிடைக்கற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது.

இந்த ஸ்டெப்பை மட்டும் பாதியில விட முடியாது, அதனால வீடு அடங்கின மதியமா பார்த்து எடுத்துக்கோங்க. ஊக்கு குத்தி முடிச்சா சுருட்டி ஓரமா வெச்சுடலாம்.

ஸ்டெப் 6: ஓட்டுத் தையல்

எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான், காரணம் மிஷினே வேண்டாம். ஆஸ்பத்திரி ஓபில டோக்கனுக்குக் காத்திருக்கும்போதும் தைக்கலாம், மாமியார் பக்கத்துல உக்காந்து அவங்க பழைய கதை கேட்டுக்கிட்டும் தைக்கலாம். எங்க அத்தைக்கு 86 ஆகுது, கை நடுங்குது, அதனால தைக்க முடியாது, ஆனா எந்தக் கட்டம் எந்தப் புடவை, எந்த தீபாவளிக்கு எடுத்ததுன்னு அவங்கதான் சொல்வாங்க.

ஒவ்வொரு கட்டத்துலயும் மூலைக்கு மூலை சாக்பீஸால கோடு போடுங்க, எல்லாம் ஒரே பக்கமா சாய்ஞ்சு. ஏன் சாய்வுன்னா, நேரா போட்டா மடிப்பு மேலயே ஊசி போகணும், அங்க ஆறேழு அடுக்கு இருக்கும், விரல் கடுத்துடும். சாய்வா போனா மூலையில மட்டும்தான் தடிப்பு. கண்ணு பெருசா இருக்கற எம்ப்ராய்டரி ஊசி, எம்ப்ராய்டரி நூல்ல மூணு இழை, முழங்கை நீளத்துக்கு மேல வேண்டாம், சிக்கும். நடுவுல இருக்கற கோட்டுல ஆரம்பிச்சு வெளிய வாங்க. தையல் அரிசி நீளம் இருந்தாலே அழகு. முடிச்சை வெளிய விடாம, மேல்துணிக்குக் கீழ இழுத்து வேட்டிக்குள்ள மறைச்சுடுங்க.

கண்ணுக்கு ஒண்ணு சொல்றேன், புரோகிரெசிவ் கண்ணாடி போட்டு ஊசி கோர்க்கறது கழுத்துக்குத்தான் தண்டனை. கிட்டத்துல பார்க்கறதுக்குத் தனியா ஒரு கண்ணாடி, தைக்கற தூரத்தைச் சொல்லி டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கோங்க. காலையில பேத்தியையோ பேரனையோ கூப்பிட்டு பத்து ஊசி கோர்த்து வாங்கி பின்குஷன்ல குத்தி வெச்சுட்டா அன்னிக்குக் கவலை இல்ல. பால்கனி பக்கம் காலை வெளிச்சத்துல தைங்க, ராத்திரி கருப்புத் துணியில கருப்பு நூல் போடவே போடாதீங்க. விரல் மரத்துப் போனா நிறுத்துங்க, ஒரு கோடு முடிக்கணும்னு வீம்பு பிடிக்க வேண்டாம், ஊசியை அப்படியே குத்தாம டப்பால வெச்சுட்டு எந்திரிங்க.

மிஷின்லயே தைக்கறவங்க 16ஆம் நம்பர் ஊசி மாத்திக்கோங்க, தையல் நீளத்தைக் கூட்டுங்க, சாய்வா போகாம மடிப்புக்குக் கால் இன்ச் தள்ளி நேரா போங்க, பழைய புடவை சாய்வுல இழுபடும்.

ஸ்டெப் 7: ஓரம்

தனியா பட்டி வெட்டி ஓரம் கட்டறது அழகுதான், ஆனா முதல் க்வில்ட்டுக்கு அது வேண்டாம். அடித்துணியை மடிச்சுவிட்டு, மேல்துணி ஓரத்துக்குச் சரியா வேட்டியை மட்டும் வெட்டுங்க. அடித்துணி இதுல மாட்டிக்காம பார்த்துக்கோங்க, அவசரத்துல சேர்த்து வெட்டிட்டா ஓரத்துக்குத் துணி இருக்காது. அப்புறம் அடித்துணியை மேல்துணியை விட ஒரு இன்ச் வெளிய இருக்கற மாதிரி சுத்திலும் வெட்டுங்க. அதை அரை இன்ச் மடிச்சு, இன்னொரு அரை இன்ச் மேல்துணி மேல மடிச்சு, ஊக்கு குத்தி ஹெம்மிங் பண்ணுங்க, இல்லன்னா மிஷின்ல ஒரு ஓட்டு. மூலையில முதல்ல ஒரு பக்கம் முழுசா மடிச்சுட்டு அது மேல அடுத்த பக்கத்தை மடிங்க, தபால் கவர் மடிக்கற மாதிரி.

கொடுக்கறதுக்கு முன்னாடி

ஊக்கு எண்ணிக்கை சரியான்னு பாருங்க. ஒரு தடவை தோய்ச்சு வெயில்ல காய வையுங்க, சாக்பீஸ் போயிடும். ஐப்பசி மழையில தோய்க்காதீங்க, மூணு நாலு அடுக்கு காயாம முக்க வாடை வந்துடும்.

குழந்தைக்குக் கொடுத்தா அந்த அம்மாகிட்ட கட்டாயம் சொல்லுங்க, ஒரு வயசு ஆகற வரைக்கும் தூங்கும்போது போர்த்தவோ தூளிக்குள்ள போடவோ கூடாது, மூஞ்சியை மூடிடும் அபாயம் இருக்கு. முழிச்சிருக்கும்போது தரையில விரிச்சு, பக்கத்துல ஆள் இருந்து, அவ்ளோதான்.

முதியோர் இல்லத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ கொடுக்கறதா இருந்தா துணியை வெட்டறதுக்கு முன்னாடியே ஆபீஸ்ல போன் பண்ணிக் கேளுங்க, கையால தைச்சது வாங்கிப்பாங்களா, என்ன சைஸ் வேணும், புதுத்துணிதான் வேணுமான்னு. நிறைய இடத்துல வாஷிங் மிஷின்ல போடற மாதிரி இருந்தாத்தான் வாங்குவாங்க, நம்மது தாராளமா போடலாம், ஒரு சீட்டுல அதை எழுதிக் கூடவே வையுங்க, பச்சைத் தண்ணி, பிளீச் வேண்டாம்னு.

துண்டு மீந்திருந்தா தூக்கிப் போடாதீங்க. ரெண்டு கட்டத்துக்கு நடுவுல வேட்டியை நாலா மடிச்சு வெச்சு தைச்சா அடுப்படிக்கு நல்ல பிடிதுணி ஆச்சு, அதுக்கு ஓட்டுத் தையல் கொஞ்சம் நெருக்கமா போடுங்க.