வாழையடியில் படிந்த வெள்ளைப் பொருக்கு: வீட்டுக் கழிவுநீரைச் சரிசெய்த என் அனுபவம்

எங்கள் வீட்டுக் குளியலறை, துவைக்கும் கல், சமையலறை ஆகியவற்றின் தண்ணீர் நெடுங்காலமாகக் கொல்லை வாழைக்கே பாய்ந்துவந்தது. நாளடைவில் வாழையடியில் வெள்ளைப் பொருக்குப் படிந்து, மண் இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கி நாறத் தொடங்கியது.

சோப்புத் தூளிலுள்ள சோடியம் களிமண் துகள்களைச் சிதறடித்து, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. ஆகவே ஜிப்சம் என்னும் கால்சியம் உள்ள கனிமத் தூளைத் தூவி, மண்ணைக் கொத்திவிட்டு, கிணற்று நீரை நிறையப் பாய்ச்சினேன். ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தை வெளியேற்ற, பாய்ந்த நீர் அதை வேர்ப்பகுதிக்குக் கீழே அடித்துச் சென்றது. நல்ல தண்ணீர் இல்லாமல் ஜிப்சம் மட்டும் போட்டுப் பயனில்லை.

எண்ணெய்ப் பிசுக்குக்காகச் சமையலறைக் குழாயின் முடிவில், நடுவே தடுப்பு வைத்த சிறு தொட்டி ஒன்றைக் கட்டினேன். பிசுக்கு மேலே மிதந்து நிற்க, தண்ணீர் தடுப்பின் அடிவழியாக அப்பால் செல்லும். வாரந்தோறும் அதை வழித்தெடுப்பது அருவருப்பான வேலைதான், வேறு வழியில்லை. அங்கிருந்து நீர், ஜல்லியும் மணலும் நிரப்பிக் கல்வாழை நட்ட படுகையில் வடிந்து, தென்னைநார் மூடிய பள்ளங்கள் வழியே, கையோ காலோ படாதபடி வேருக்குப் போகிறது.

ஒரு நாளுக்கு மேல் இந்நீரைத் தேக்கினால் கிருமிகள் பெருகும் என்பதால் சேமிப்புத் தொட்டி வைக்கவில்லை. பச்சையாக உண்ணும் கொத்தமல்லிக்கும் வெள்ளரிக்கும் கிணற்று நீர்தான். கழிப்பறை நீருடன், குழந்தையின் மலத்துணி அலசிய நீரும் செப்டிக் டேங்குக்கே போகிறது.