ஜனவரிக்குப் புத்தகம் வரும் என்று சொல்வதற்கு முன்

நாவலின் கடைசி வரியை எழுதியதும் நம்மில் பலர் செய்கிற முதல் காரியம், "ஜனவரி புத்தகக் காட்சிக்கு வந்துடும்" என்று நாலு பேரிடம் சொல்வதுதான். முதல் நாவலுக்கு நானும் சொன்னேன். 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி, தமிழில் எழுதுகிறவர்களின் ஆண்டையே பொங்கலை ஒட்டி மாற்றி வைத்துவிட்டது. விற்பனைக்கு அது நல்லது. ஆனால் சொன்ன தேதிக்காகத் திருத்த வேலையைச் சுருக்கத் தொடங்கும்போதுதான் மற்ற தவறுகள் வரிசையாக வருகின்றன. அக்டோபரில் முடித்ததை டிசம்பரில் அச்சுக்கு அனுப்பினால், முதல் வரைவுக்கு அட்டை போட்டு விற்பதாகத்தான் ஆகும்.

முடித்த கையோடு திருத்த உட்காராதீர்கள். ஆறு வாரமாவது கோப்பைத் திறக்காமல் இருங்கள். எழுதிய சூட்டில் படித்தால், தாளில் இல்லாததையும் மனசு சேர்த்துப் படித்துக்கொள்ளும். அப்புறம் திறக்கும்போது முதல் பக்கத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்றும் இல்லை. எல்லோரும் அங்கேயே தொடங்குவதால்தான் முதல் அத்தியாயம் இருபது முறை இழைக்கப்பட்டிருக்கும், இருபத்தைந்தாவது அத்தியாயம் ஒரே ஒரு முறை தொடப்பட்டிருக்கும். வாசகருக்கு இது தெரிகிறது. "கடைசியில் அவசரமா முடிச்சிட்டீங்க" என்பார்கள். உண்மையில் அவசரம் எழுதியதில் இல்லை, திருத்தியதில். ஒரு சுற்றையாவது நடுவிலிருந்து தொடங்குங்கள்.

பெயரை மாற்றும் விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நான் அடிபட்டிருக்கிறேன். ஒரு பாத்திரத்துக்கு மணி என்று பெயர் வைத்திருந்தேன். பிறகு அதை ராசு ஆக்கினேன். கணினியில் ஒரே சொடுக்கில் எல்லா இடமும் மாறிவிட்டது. "சாயங்காலம் நாலு ராசுக்கு" பஸ் வந்தது. ஊரிலிருந்து "ராசுயார்டர்" வந்தது. ஒரு அம்மா தன் குழந்தையைக் "கண்ராசு" என்று கொஞ்சினாள். இவற்றையெல்லாம் மெய்ப்பில், அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்கும் படியில், பிடித்துவிட்டோம். பிடிபடாமல் போனது இன்னொரு பெயர். செல்வத்தை முருகன் ஆக்கியபோது, "செல்வம்" என்ற இடம் மட்டும்தான் மாறியது. செல்வத்தை, செல்வத்திடம், செல்வத்தின் எல்லாம் அப்படியே நின்றன. நூற்றுச் சொச்சம் பக்கம் தாண்டி, யாரென்றே தெரியாத ஒரு செல்வத்திடம் முருகனின் மனைவி அழுதுகொண்டிருந்தாள், அச்சான புத்தகத்தில். ஒற்றும் மாட்டிக்கொள்ளும்: "அந்தச் செல்வம்" என்பது "அந்தச் முருகன்" ஆகிவிடும். தமிழில் பெயர் வேற்றுமை உருபோடு சேர்ந்து உருமாறும் என்பதால், ஒவ்வொரு இடமாகத் தேடி, பார்த்துத்தான் மாற்ற வேண்டும். இரண்டு நாள் வேலைதான்.

காலக்கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பவும் கூடாது. ஒரு தாளில் ஆண்டு வாரியாக எழுதி ஒட்டுங்கள். இந்தியாவில் செல்போன் சேவை வந்தது 1995இல். 1993இல் நடக்கும் காட்சியில் மதுரைக்காரர் ஒருவர் பையிலிருந்து செல்போனை எடுத்தால் நாவலே சாய்ந்துவிடும். நாலணாக் காசு 2011 ஜூனோடு செல்லாமல் போனது, 2013இல் யாரும் அதைக் கடையில் நீட்ட முடியாது. பாத்திரங்களின் வயதையும் இதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

வரைவைப் பத்துப் பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்புவது இன்னொரு தவறு. பத்துக் கருத்தும் பத்துத் திசையில் இழுக்கும். அதைவிட முக்கியம், புதிய கண்களை ஒரே சுற்றில் செலவழித்துவிடுகிறோம். முதலில் இரண்டு பேர், திருத்தியபின் வேறு இரண்டு பேர். அவர்களிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், "எங்கே கீழே வச்சீங்க?" என்று கேளுங்கள்.

வட்டார வழக்கில் எழுதுகிறவர்கள் மெய்ப்புத் திருத்துபவருக்கு ஒரு சொற்பட்டியல் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் நெல்லைக்காரர் வாயில் வரும் "அவிய" ஓர் அத்தியாயத்தில் "அவர்கள்" ஆகும், அடுத்ததில் "அவங்க" ஆகும். திருத்துபவர்மேல் குற்றம் இல்லை, அது நாம் சொல்லியிருக்க வேண்டியது. பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு என்றால், ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றியபின் மறுபடி முழுதாகப் படிக்க வேண்டும். "கொ"வின் கொம்பு தனியே பிரிந்து நிற்கும், துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் "ர" உட்கார்ந்திருக்கும், "ஔ" இரண்டு எழுத்தாக உடைந்திருக்கும். திரையில் இவை கண்ணுக்குத் தப்பும், தாளில் எடுத்தால் சிக்கும்.

கடைசி மெய்ப்பில் புதிதாக ஒரு பத்தி சேர்க்கத் தோன்றும். வேண்டாம். அச்சில் ஒரே தாளாக ஓடி மடிக்கப்படும் பக்கக் கட்டுக்கு ஃபாரம் என்று பெயர். பொதுவாக ஒரு ஃபாரம் பதினாறு பக்கம், 320 பக்க நாவல் சரியாக இருபது ஃபாரம். நீங்கள் சேர்க்கும் பத்தி அதை 321 ஆக்கினால், பதிப்பாளர் எங்கேயோ நெருக்கிப் பிடித்து அடக்குவார், அல்லது செலவு கூடும். திரைப்பாட்டு வரிகளை முகப்பில் போட நினைத்தால் அதையும் முன்கூட்டியே யோசியுங்கள். பாரதி பாடலுக்குத் தடை இல்லை, திரைப்பாட்டுக்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். ஒப்பந்தத்தில் மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு மூன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

சரி, வெளியீட்டு விழா. புத்தகம் கைக்கு வருவதற்கு முன் அரங்கம் பிடிக்காதீர்கள். டிசம்பரில் அச்சகங்களில் நாட்காட்டியும் டைரியும் புத்தகங்களும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கும், நாள் தள்ளிப்போவது சகஜம். விழாவுக்கு எட்டுப் பேச்சாளர்களை அழைத்தால், ஏழாவது ஆள் பேசும்போது அரங்கில் பாதி நாற்காலி காலியாகியிருக்கும், எழுதியவருக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும். மூன்று பேர் போதும். அவர்களுக்கு ஒரு மாதம் முன்பே பிரதியைக் கொடுத்து, முடிவைச் சொல்லிவிட வேண்டாம் என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். மேடையில் முழுக் கதையையும் சொல்லி முடித்த ஒரு விழாவில் நான் இருந்திருக்கிறேன். எழுதிய பெண் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். ஆறு வருட உழைப்பு அது.

காத்திருக்கும் வாரங்களில் பதிப்பாளருக்குத் தினமும் போன் செய்யாமல், அடுத்ததற்கான குறிப்புகளை எழுதுங்கள். புத்தகம் வந்த அன்று ஒரு பிரதியின் முதல் பக்கத்தில் "திருத்தப் பிரதி" என்று எழுதித் தனியே வையுங்கள். வாசகர்கள் சொல்லும் பிழைகளைப் பென்சிலால் அதில் குறியுங்கள். அந்தச் செல்வத்தையும் நான் அப்படித்தான் இரண்டாம் பதிப்பில் மாற்றினேன்.